நாய்க்கு வலிப்பா? என்னிடம் வராதீர்கள்!

சித்த மருத்துவம் படித்தவன் எழுதும் கட்டுரைக்கு இப்படி ஒரு தலைப்பா என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

மாதத்தில் ஒருவராவது என்னிடம் தன் மூட்டு வலிக்கோ மூலத்துக்கோ மருந்து வாங்கி முடித்து, பையைக் கையில் எடுத்த பிறகு தயங்கித் தயங்கி ஆரம்பிக்கிறார். "ஐயா, தப்பா நினைக்கப்படாது. எங்க வீட்டு டைகருக்கு ஃபிட்ஸ் வருது. மாட்டாஸ்பத்திரியில ஆயுசு பூரா மாத்திரை குடுக்கணுங்காங்க. இங்கிலீஷ் மருந்து ஈரலைக் கெடுத்துருமாமே? நம்ம சித்தாவுல ஒரு சூரணம், கீரணம்..."

"இல்லை" என்கிறேன். அவர் முகம் வாடிப் போகிறது. மனுஷனுக்கு இத்தனை மருந்து வைத்திருக்கிற ஆள், வாயில்லா ஜீவனுக்குக் கை விரிக்கிறாரே என்று! ஏன் கை விரிக்கிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், வலிப்பு வருகிற அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

எங்கள் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2018-ஆம் வருஷம் ஐப்பசி மாதம், விடிகாலை இரண்டு மணி இருக்கும். பின்கட்டுக் கதவை யாரோ உதைக்கிற மாதிரி தடதடவென்று சத்தம். ஓடிப்போய் விளக்கைப் போட்டால், எங்கள் கருப்பி ஒருக்களித்துக் கிடக்கிறாள். லாப்ரடாருக்கும் தெரு நாய்க்கும் பிறந்தவள், அப்போது மூன்று வயது. நாலு காலும் விறைத்து, பிறகு சைக்கிள் மிதிப்பது போல அடித்துக்கொள்கின்றன. வாயில் நுரை. சிறுநீர் போய்விட்டது. கண் திறந்திருக்கிறது, ஆனால் நம்மைப் பார்க்கவில்லை.

என் அம்மா பீரோ சாவிக்கொத்தோடு ஓடி வந்தார். "ஏலே, கையில இரும்பைக் குடு!" என்று அதட்டல். நாய்க்கு எது கை என்று யோசிக்கிற நிலைமையில் யாரும் இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? அதன் தலையை மடியில் போட்டுக்கொண்டு வாயைத் திறக்கப் பார்த்தேன். இருபது வருஷத்துக்கு மேல் வைத்தியம் பார்த்தவன்! அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் மகள்தான், "அப்பா, வாய்கிட்ட கையக் கொண்டு போகாதீங்க" என்று கத்தினாள். எல்லாம் அடங்கிய பிறகு, "பத்து நிமிஷமாவது இழுத்திருக்கும்" என்றேன் நான். "ஒண்ணரை நிமிஷம்ப்பா. கடிகாரத்தைப் பார்த்துட்டுத்தான் நின்னேன்" என்றாள்.

அன்றைக்கு அந்த வீட்டில் உருப்படியான காரியம் செய்தது அவள் ஒருத்திதான்.

நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும். முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிஷத்தில் தானாகவே நின்றுவிடும். அந்த நேரத்தில் கையில் எதைக் கொடுத்தாலும், அது கொடுத்ததால் நின்றது போலத் தோன்றும். இரும்புக்குக் கிடைத்த பெயர் அப்படிக் கிடைத்ததுதான்! ஐந்து நிமிஷம் தாண்டியும் நிற்கவில்லை என்றாலும், ஒரே நாளில், அதாவது 24 மணி நேரத்துக்குள் இரண்டாவது தரம் வந்தாலும் அது அவசரம். விடியட்டும் என்று காத்திருக்காமல், ஒரு கெட்டியான பெட்ஷீட்டில் கிடத்தித் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். விடாமல் இழுக்கும்போது உடம்புச் சூடு ஏறிக்கொண்டே போகும். மூளைக்கே அது ஆபத்து. காரில் போனால் ஏ.சி.யைப் போடுங்கள். ஆட்டோவில் போனால் ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டே போங்கள்.

வாய்க்குள் விரல், ஸ்பூன், துணி எதையும் விடாதீர்கள். நாய் நாக்கை விழுங்கிவிடாது. அது வெறும் பயம். ஆனால் உங்கள் விரலைக் கடித்துவிடும், கடிக்கிறோம் என்றே தெரியாமல். தண்ணீர் புகட்டினால் மூச்சுக்குழாய்க்குள் போகும். சின்ன வெங்காயத்தைத் தட்டி மூக்கில் பிழிகிற வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கிற பொருள். அது சோற்றிலேயே கூடாது என்னும்போது மூக்கில் எதற்கு?

பக்கத்தில் மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி, மேஜைக் கால் இருந்தால் அதில் மோதாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டி.வி.யை நிறுத்தி விளக்கைக் குறையுங்கள். வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் அதை வெளியே அனுப்புங்கள். இழுத்துக்கொண்டு கிடக்கும் நாயை மற்ற நாய் பாய்ந்து கடிப்பது உண்டு. கை சும்மா இருக்கிற ஒருவர் செல்போனில் படம் பிடிக்கட்டும். கல்நெஞ்சம் என்று நினைக்காதீர்கள். மருத்துவர் முன்னால் போய் நிற்கும்போது நாய் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். நீங்கள் என்ன விவரித்தாலும், அந்த ஒரு நிமிஷப் படம் சொல்வதில் பாதிகூட வராது.

நின்ற பிறகும் கொஞ்ச நேரம் கவனமாக இருக்க வேண்டும். கண் தெரியாதது போலச் சுவரில் முட்டும். ஓயாமல் சுற்றிச் சுற்றி நடக்கும். அகோரப் பசியோடு அலையும். உங்களையே பார்த்து உறுமவும் செய்யலாம். வளர்த்த கையைக் கடிக்க வருகிறதே என்று அடித்துவிடாதீர்கள். மூளை முழுதாகத் தெளிய சில நாய்களுக்குச் சில நிமிஷம், சில நாய்களுக்கு ஒரு நாள்கூட ஆகும். ஆடாமல் நின்று நிதானத்துக்கு வந்த பிறகுதான் சோறும் தண்ணீரும். இதைக் குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள். கூடவே இன்னொன்றும் சொல்லுங்கள்: அந்த நேரத்தில் அதற்கு நினைவு கிடையாது. பார்க்கிற நமக்குத்தான் வேதனை.

இனி, நான் ஏன் கை விரிக்கிறேன் என்பதற்கு வருகிறேன். சொல்ல இஷ்டமில்லாத விஷயம்தான். இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அது 2003. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியை விட்டு வெளியே வந்து பத்து வருஷம்கூட ஆகாத காலம். என் மருந்தால் தீராத நோயே கிடையாது என்கிற எண்ணம் தலையில் ஏறியிருந்தது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் முழங்கால் வலிக்கு என்னிடம் வருவார். அவரும் மனைவியும் ஒரு பொமரேனியனும்தான் வீட்டில். அந்த நாய்க்கு வலிப்பு. ஃபீனோபார்பிடோன் மாத்திரை கொடுத்து எட்டு மாதமாக வலிப்பே இல்லை. ஆனாலும் அவருக்குப் பயம், "தினம் இந்த மாத்திரையைக் குடுத்தா ஈரல் என்னத்துக்கு ஆகும் டாக்டர்?" என்று. "அதை விட்டுட்டு இதைக் குடுங்க சார்" என்று வசம்பும் பிரமியும் சேர்ந்த ஒரு சூரணத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். அளவு? குழந்தைக்குக் கொடுக்கிற அளவில் பாதி. நானாக வைத்த கணக்குதான்.

நாலாம் நாள் ராத்திரி விட்டு விட்டு இழுக்க ஆரம்பித்தது. விடிந்து கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குள் உயிர் போய்விட்டது. அடுத்த வாரம் தைலம் வாங்க வந்தபோதுதான் சொன்னார். சண்டை போடவில்லை. "உங்க மேல தப்பில்ல டாக்டர். அதுக்கு ஆயுசு அவ்வளவுதான்" என்றார்.

தப்பு என்மேல்தான். ஒரு கால்நடை மருத்துவ நண்பரிடம் கேட்ட பிறகுதான் எனக்கே புரிந்தது. அந்த மாத்திரைக்குப் பழகிப்போன மூளையிலிருந்து அதைத் திடீரென்று பிடுங்கினால், அதுவே பெரிய வலிப்பைக் கிளப்பிவிடும். என் சூரணம் நல்லதா, கெட்டதா என்ற கேள்விக்கே இடமில்லை. "விட்டுட்டு" என்று நான் சொன்ன ஒரு வார்த்தை போதும். வாத்தியார் இருந்த காலம்வரை இதை நான் அவரிடம் சொல்லவில்லை. வருஷக்கணக்காகத் தைலம் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இதைப் படித்துவிட்டு, சித்த மருத்துவத்தை இவரே மட்டம் தட்டுகிறாரே என்று எங்கள் துறை நண்பர்கள் கோபிக்கலாம். மட்டம் தட்டவில்லை. எங்கள் மருந்துகளின் அளவெல்லாம் மனித உடம்புக்கு வகுத்தது. சூரணத்துக்கு வெருகடி என்று ஓர் அளவு உண்டு. வெருகு என்றால் காட்டுப் பூனை. விரல்களைக் கூட்டி எடுக்கிற அளவுக்குப் பூனைக் காலின் பெயரை வைத்தார்களே தவிர, மருந்து என்னவோ மனிதனுக்குத்தான்! நாயின் ஈரல் மருந்தைக் கையாளும் விதமே வேறு. ஃபீனோபார்பிடோனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ எடைக்கு நமக்குத் தேவைப்படுவதைவிட நாய்க்கு அதிகம் தேவைப்படும். மனிதர்களுக்குக் கொடுக்கும் ஃபெனிடாயினோ, நாயின் உடம்பில் சில மணி நேரத்தில் கரைந்து போய்விடும். ஆக, தாத்தாவின் ஃபிட்ஸ் மாத்திரையில் பாதியை உடைத்துப் போடுவதும் நான் செய்த அதே தப்புதான். பற்பம், செந்தூரம் இவற்றையெல்லாம் நாய் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

கற்பூரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உண்ணிக்கு என்று தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சி நாய் உடம்பு முழுக்கத் தேய்க்கிறார்கள். சளிக்கு என்று யூகலிப்டஸ் தைலத்தைத் தடவுகிறார்கள். நாய் சும்மா இருக்குமா? உடம்பை நக்கும். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பைக் கிளப்பும் பொருள். 1934-இல் ஹங்கேரியில் மெதுனா என்ற மனநல மருத்துவர், சிகிச்சைக்காக ஒரு நோயாளிக்கு வேண்டுமென்றே வலிப்பை வரவழைத்தார். அதற்கு அவர் ஊசியில் ஏற்றியது எண்ணெயில் கரைத்த கற்பூரத்தைத்தான்! யூகலிப்டஸ் எண்ணெயும் இந்த விஷயத்தில் அதற்குக் கூட்டாளி. ஏற்கெனவே வலிப்பு உள்ள நாய் இருக்கிற வீட்டில் இரண்டும் அதற்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

சரி, நாய்க்கு வலிப்பு ஏன் வருகிறது? ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் நடுவில் முதல் வலிப்பு வந்து, இரண்டு வலிப்புக்கு நடுவே நாய் நன்றாகவே இருந்து, பரிசோதனைகளிலும் ஒன்றும் தென்படவில்லை என்றால், அது பெரும்பாலும் பரம்பரையாக வருகிற வலிப்பு நோய். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, பீகிள் போன்ற ஜாதிகளில் இது அதிகம். நம் நாட்டு நாய்களுக்கு வராது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. எந்த ஜாதியானாலும் வலிப்பு உள்ள நாயை இனப்பெருக்கத்துக்கு விடுவது பாவம். குட்டி விற்ற காசு உங்களுக்கு, வலிப்பு இன்னொரு வீட்டுக்கு.

வயது இந்தக் கணக்குக்கு வெளியே இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும். தடுப்பூசி போடாத குட்டிக்கு டிஸ்டெம்பர் வந்து, தாடை வெட்டி வெட்டி இழுக்கும். சின்ன ஜாதிக் குட்டிகள் ஒரு வேளை பட்டினி கிடந்தாலே சர்க்கரை இறங்கி இழுக்கும். குட்டி போட்டுச் சில வாரமாகிப் பால் கொடுக்கிற பொமரேனியன், நடுங்கி விறைத்து விழுந்தால் அது சுண்ணாம்புச் சத்துக் குறைவு. உடனே ஊசி போட்டால் பிழைத்துவிடும், தாமதித்தால் போய்விடும். பூச்சிமருந்து, எலி மருந்து, சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் போடுகிற சைலிட்டால் எல்லாமே இழுக்க வைக்கும். வயதான நாய் என்றால் மூளையில் கட்டி இருக்கலாம்.

வெறிநோயை மறந்துவிடக் கூடாது. தடுப்பூசி போடாத நாய், ஒன்றிரண்டு நாளாகக் குணம் மாறி, எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் இருந்து, அதற்குப் பிறகு இழுத்தால் கிட்டே போகாதீர்கள். கடித்துவிட்டாலோ, எச்சில் காயத்தில் பட்டுவிட்டாலோ, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் நீங்கள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். வருஷா வருஷம் நாய்க்குத் தடுப்பூசி போட்டு வைத்திருக்கிற வீட்டில் இந்தத் திகில் இல்லை.

ஒரே ஒரு தரம், அதுவும் குறைந்த நேரம் இழுத்திருந்தால், கால்நடை மருத்துவர் உடனே மாத்திரை ஆரம்பிக்காமலும் இருக்கலாம். ஆறு மாதத்துக்குள் இரண்டு முறை வந்தாலோ, விடாமல் இழுத்திருந்தாலோ ஆரம்பிப்பார். பெரும்பாலும் ஃபீனோபார்பிடோன்தான். 1912-லிருந்து மனிதர்களுக்குப் புழக்கத்தில் இருக்கிற பழைய மருந்து, விலையும் குறைவு. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் கொடுக்க வேண்டும். இரத்தத்தில் அளவு நிலைப்பதற்கு இரண்டு வாரம் ஆகும். அந்த இரண்டு வாரம்தான் வீட்டில் எல்லோருக்கும் சோதனை! நாய் தள்ளாடும், தூங்கி வழியும், குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும், நடுவீட்டில் ஒன்றுக்கு இருக்கும், தின்றதையே மறந்து மறுபடி தட்டைத் தூக்கிக்கொண்டு வரும். "மாத்திரை ஒத்துக்கலை" என்று பலர் நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான். நிறுத்தாதீர்கள். தள்ளாட்டம் தானாகக் குறையும். தாகமும் பசியும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், சோற்றை அளந்து போடுங்கள். ஈரலைக் கெடுக்கும் என்ற பயம் முழுக்கப் பொய்யில்லை. அதற்காகத்தான் குறிப்பிட்ட இடைவெளியில் இரத்தப் பரிசோதனை செய்து ஈரலையும், மருந்தின் அளவையும் பார்க்கச் சொல்கிறார்கள். வாத்தியாரிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது அந்த ஒரு பரிசோதனையைத்தான்.

சீட்டு இல்லாமல் கடைக்காரர் இந்த மாத்திரையைத் தர மாட்டார். எல்லாக் கடையிலும் இருக்கவும் இருக்காது. கையில் பதினைந்து நாள் மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆசனவாய் வழியாக வீட்டிலேயே செலுத்தும் மருந்தைப் பற்றியும் உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

சில நாய்களுக்குப் பொட்டாசியம் புரோமைடு கொடுப்பார்கள். இதில் நம் வீட்டுச் சமையல் குறுக்கே வரும். புரோமைடு கொடுக்கும்போது சாப்பாட்டில் உப்பு ஒரே அளவாக இருக்க வேண்டும். உப்பு கூடினால் மருந்து சிறுநீரோடு வெளியேறிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒரு துண்டு கருவாடு, பக்கத்து வீட்டு மாமி வீசுகிற அப்பளம், பாட்டி ரகசியமாகக் கொடுக்கிற ஊறுகாய் சாதம் எல்லாம் கணக்கில் சேரும். "நல்லாத்தான் மாத்திரை குடுக்கோம், அப்படியும் வருதே" என்று ஒரு வீட்டில் புலம்பினார்கள். அங்கே தினமும் சாயங்காலம் நாய்க்குக் காராசேவு!

எல்லோரும் மலைப்பது "ஆயுசு பூரா" என்ற வார்த்தைக்குத்தான். ஏன் என்று எனக்கு விளங்குவதே இல்லை. வீட்டில் அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை, அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரை, மாமாவுக்குச் சர்க்கரை மாத்திரை. எல்லாம் ஆயுசு பூராதான். நாய்க்கு மட்டும் ஒரு மண்டலத்தில் வேரோடு போக வேண்டுமாக்கும்! 'பக்க விளைவே இல்லாமல் வலிப்பை அடியோடு ஒழிக்கிறேன்' என்று யார் சொன்னாலும், அவர் எங்கள் துறைக்காரராகவே இருந்தாலும், நம்பாதீர்கள்.

எங்கள் நூல்கள் வலிப்பை அமரகண்டம், குமரகண்டம், காக்கை வலிப்பு, முயலகன் என்றெல்லாம் பிரிக்கின்றன. நடராஜர் காலடியில் கிடக்கிறானே, அவன் பெயரும் முயலகன்தான். அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது அந்தச் சிலையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முயலகன் செத்துக் கிடக்கவில்லை. தலையைத் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறான். சுவாமி காலை எடுக்கவில்லை, அவ்வளவுதான். மாத்திரை செய்கிற வேலையும் அதுதான். முயலகனைக் கொல்வது அல்ல, காலை எடுக்காமல் இருப்பது.

எல்லா நாய்க்கும் அடங்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு என்ன கொடுத்தும் சரியாகக் கட்டுப்படுவதில்லை. இரண்டாவது, மூன்றாவது மருந்து சேர்த்துப் பார்ப்பார்கள். எல்லாம் பார்த்தும் நாளுக்கு நாள் இழுத்துக்கொண்டே இருக்கிற நாயைக் கருணையோடு தூங்க வைக்க முடிவெடுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். குறை சொல்வது வேறு ஆட்களை. ஒரு தரம் இழுத்ததும் 'சீக்கு நாய்' என்று சாக்கில் கட்டி, மார்க்கெட் பக்கம் இறக்கிவிட்டு வருகிறார்களே, அவர்களை. தெருவில் மாத்திரை கொடுக்க யார் இருக்கிறார்கள்? வெறிநாய் என்று கல்லால் அடித்தே கொன்றுவிடுவார்கள்.

கருப்பிக்கு இப்போது வயது பத்தைத் தொடுகிறது. காலை எட்டு, இரவு எட்டு, என் மனைவியின் செல்போனில் அலாரம் அடிக்கும். மாத்திரையை ஒரு விள்ளல் இட்லிக்குள் ஒளித்துவைத்துக் கொடுக்கிறோம். முதல் வருஷம் நாலு முறை இழுத்தது, போன வருஷம் ஒரே முறை. சமையலறைக் காலண்டரில் அந்தந்தத் தேதியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, எத்தனை நிமிஷம் என்று பக்கத்தில் எழுதி வைக்கிறாள் மகள். பழைய காலண்டர்களையும் கிழிக்காமல் வைத்திருக்கிறோம். கால்நடை மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். அம்மா மட்டும் சாவிக்கொத்தை இன்னும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறார்.